பங்கும் பயிற்சியும்: கிரீஷ் மாத்ருபூதம் ஆற்றிய மூன்று பணிகள்

மும்பையின் துறைமுக ரயில் தடத்தில் செம்பூருக்கும் மான்குர்டுக்கும் இடையே உள்ள கோவண்டி, இந்திய அறிவியல் வரலாற்றின் மிக முக்கியமான இரண்டு வளாகங்களுக்கு அண்டை வீடு. 1954ஆம் ஆண்டு ஜனவரியில் டிராம்பேயில் தொடங்கப்பட்ட அணுசக்தி நிலையம், 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் மின்னணுப் பிரிவில் பழகிய கைகளைக் கொண்டே அதே 1967இல் ஐதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம் எழுந்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனமும் 1954இல்தான் கோவண்டியை ஒட்டிய தியோனாருக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டு, தமிழர் பெருமளவில் இருந்த ஏறத்தாழ 70,000 மக்கள் சீட்டா கேம்ப் என்ற இடத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டபோது, அந்த மையம் ஈட்டிய அறிவும் வசதியும் அவர்கள் வாழ்வைத் தொட்டிருக்கவில்லை. அந்த இடிப்பை எதிர்த்துப் போராடியவரும், கோலார் தங்கவயலில் பிறந்தவரும், பின்னர் 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவருமான ஜோக்கின் அற்புதத்தின் வாழ்க்கை தனி அத்தியாயமாக எழுதப்பட வேண்டியது. தொழில்நுட்பம் ஓரிடத்தில் குவிவதாலேயே அது அக்கம்பக்கத்துக்குப் பரவிவிடுவதில்லை என்பதும், பரப்ப வேண்டுமென்று எவரேனும் திட்டமிட்டுச் செயல்பட்டால்தான் பரவும் என்பதும் ஜனதா காலனி காட்டும் பாடம். அப்படித் திட்டமிட்டுச் செயல்பட்ட ஒருவரின் தொழில் வாழ்க்கையையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

அவர் கிரீஷ் மாத்ருபூதம். 1975இல் பிறந்த திருச்சிக்காரர். நிறுவனர், முதலீட்டாளர், தொழில்முனைவோர் குழுமத்துக்குத் துணை நின்றவர் என்று மூன்று பணிகளை அவர் ஆற்றியிருக்கிறார். இவை ஒன்று முடிந்து மற்றொன்று என வரிசையாக வந்தவை அல்ல, ஒரே காலத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. அவரைப் புரிந்துகொள்வதற்கு முன், அவர் எந்த மரபிலிருந்து விலகி நடந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அந்த மரபு பிறந்த ஊர் மும்பை.

1968இல் பம்பாயில் தொடங்கிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், 1973இல் அந்தேரியில் அமைந்த சீப்ஸ் என்னும் மின்னணு ஏற்றுமதி வளாகத்தின் மென்பொருள் நிறுவனங்கள், பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ், அங்கிருந்து வெளியேறிய ஏழு பேர் 1981இல் தொடங்கிய இன்ஃபோசிஸ், 1982இல் பிறந்த மாஸ்டெக் ஆகிய யாவும் பெரும்பாலும் சேவையை விற்ற நிறுவனங்கள். அதாவது, அயல்நாட்டு வாடிக்கையாளர் தமக்குத் தேவையான மென்பொருளைச் சொல்ல, அதை எழுதித் தரும் பொறியாளர்களின் உழைப்பு நேரத்துக்கு விலை பெறுவது. வருமானம் கூட வேண்டுமானால் ஆட்கள் கூட வேண்டும். எழுதி முடித்த மென்பொருளின் உரிமையோ வாடிக்கையாளரிடம் போய்விடும். லட்சக்கணக்கான குடும்பங்களை நடுத்தர வர்க்கமாக உயர்த்திய இந்த முறையைக் குறைத்து மதிப்பிட எந்த நியாயமும் இல்லை. எனினும் சொந்தப் பெயரில், சொந்த உரிமையில் ஒரு மென்பொருளைச் செய்து, அதையே உலகெங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு விற்பது என்பது முற்றிலும் வேறு தொழில். முன்னதில் கேட்டதைச் செய்து கொடுத்தால் போதும். பின்னதில் எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, என்ன விலை வைப்பது என்பதையெல்லாம் தயாரிப்பவரே தீர்மானித்து, தவறினால் நட்டத்தையும் தாமே ஏற்க வேண்டும்.

அந்த வேறு தொழிலைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தது 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம். 2009இல் அது ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வெளியார் முதலீட்டை ஏற்காமல், ஈட்டிய லாபத்திலேயே வளர்ந்த அந்த நிறுவனத்தில் 2001ஆம் ஆண்டு கிரீஷ் சேர்ந்தார். ஷண்முகா பொறியியல் கல்லூரியில் – இன்றைய சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் – மின்னியல், மின்னணுவியல் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் பட்டமும் பெற்றிருந்த அவருக்கு அங்கே கிடைத்த முதல் வேலை, விற்பனைக்கு முந்தைய தொழில்நுட்ப விளக்கம் தருவது. வாங்க நினைப்பவர் கேட்கும் ஐயங்களுக்கு விடை சொல்லி, மென்பொருளை இயக்கிக் காட்டுவதே அந்த வேலை. எழுதுபவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று இருபக்க மொழியையும் கற்கும் இடம் அது. அங்கே பெற்ற பழக்கமே அவருடைய பிற்காலத் தொழிலுக்கு அடித்தளமாயிற்று என்று கருத இடமுண்டு. படிப்படியாக உயர்ந்து, தயாரிப்பு நிர்வாகத்தின் துணைத் தலைவராக இருந்தபோது, 2010இல் அவர் அங்கிருந்து விலகினார்.

விலகலுக்கு முன்னோட்டமாக ஓர் இழப்பு நேர்ந்தது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் குடும்பத்துடன் தங்கியிருந்தவர் சென்னைக்குத் திரும்பியபோது, கப்பலில் அனுப்பிய சாமான்களில் 40 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்து சேர்ந்தது. காப்பீட்டுத் தொகைக்காக அவர் மாதக்கணக்கில் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் அலைந்தும் பயன் இல்லை. அயல்நாடுகளிலிருந்து தாயகம் திரும்புவோர் கூடும் ஓர் இணையதளத்தில் நடந்ததை எழுதியவுடன், சாமான்களை அனுப்பிய நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டதுடன் பணமும் விரைவில் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளரின் குரல் இனி தொலைபேசிக்குள் அடங்காது, பொதுவெளியில் ஒலிக்கும் என்பதை அவர் அன்று உணர்ந்தார். 2010இல் ஜென்டெஸ்க் என்ற அயல்நாட்டு வாடிக்கையாளர் உதவி மென்பொருள் தன் விலையைத் திடீரென உயர்த்த, பயனர் பலர் கொதித்தெழுந்தனர். சரியான மாற்று ஒன்று வந்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று இணையத்தில் ஒருவர் எழுதிய கருத்து கிரீஷின் கண்ணில் பட்டது. 2010 அக்டோபரில், ஸோஹோவில் உடன் பணியாற்றிய ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் என்ற நிறுவனத்தை அவர் தொடங்கினார்.

இந்த வகை மென்பொருள் என்ன செய்கிறது என்பதை அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டே விளக்கலாம். ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பும் புகார், நிறுவனத்தின் பொது அஞ்சல் பெட்டியில் விழுந்தால், அதை யார் திறந்தார், யார் பதில் எழுத வேண்டும், எழுதினாரா என்பது எவருக்கும் தெரியாது. உதவி மென்பொருளோ ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் இட்டு, அதை ‘டிக்கெட்’ ஆக்கி, இன்ன ஊழியர் பொறுப்பு என்று பெயர் எழுதி, இத்தனை மணி நேரத்துக்குள் தீர்க்கப்படாவிட்டால் மேலதிகாரியின் திரைக்குத் தானாகவே அனுப்பிவிடும். வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசினாலும், மின்னஞ்சல் அனுப்பினாலும், சமூக ஊடகத்தில் திட்டினாலும் எல்லாம் ஒரே டிக்கெட்டில் சேரும். அடுத்து எடுத்துப் பேசும் ஊழியர், முன்கதையை மீண்டும் ஒருமுறை கேட்டு அவரை நோகடிக்க வேண்டியதில்லை.

இதை விற்ற முறையே பெரிய மாற்றம். முன்பு மென்பொருள் வாங்குவதென்றால் பெருந்தொகை கொடுத்து நிரந்தர உரிமம் பெற்று, அதை இயக்கும் சர்வர் இயந்திரங்களையும் வாங்குபவரே வைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. ‘சாஸ்’ என்று தொழில் வட்டாரத்தில் அழைக்கப்படும் புதிய முறையில் மென்பொருள் விற்பவரின் இயந்திரத்திலேயே இயங்கும். வாங்குபவர் இணையம் வழியாக அதைப் பயன்படுத்தி, ஒரு பயனருக்கு இவ்வளவு என்று மாத வாடகை கட்டினால் போதும், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். வாடகை சிறிதாக இருப்பதால் சிறு நிறுவனமும் வாங்க முடியும். வங்கி அட்டையைக் கொண்டு திரையிலேயே வாங்கிவிடுவதால் விற்பனையாளர் விமானம் ஏறிச் சென்று கைகுலுக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் அலுவலகம் வைக்கப் பணம் இல்லாத சென்னை இளைஞர்கள், இரவு நேரத்தில் தொலைபேசியும் இணையமும் கொண்டே உலகெங்கும் விற்க முடிந்தது இதனால்தான். ஃப்ரெஷ்டெஸ்கின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பகுதியில் உள்ள அட்வெல் கல்லூரி. அந்தக் கல்லூரியை நேரில் சென்று பார்க்காமலே 2011இல் அந்த வணிகம் முடிந்தது.

அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நடத்திய போட்டியில் 40,000 டாலர் பரிசு கிடைத்தது. ஆண்டின் இறுதியில் ஆக்செல் நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலிட்டது. இதற்குத் துணிகர முதலீடு என்று பெயர்: வட்டியும் ஈடும் கேட்காமல், தோற்றால் முழுப் பணமும் போகும் என்று அறிந்தே, நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு தரப்படும் பணம். வங்கி ஈடு கேட்கும் என்பதால், சொத்தில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வழி எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவ்வேளையில் போட்டி நிறுவனத்தின் தலைவரும் ஒரு தொழில்நுட்ப விமர்சகரும் ஃப்ரெஷ்டெஸ்கைப் போலி என்று பொதுவெளியில் சாடியபோது, கிரீஷ் ஒதுங்கிப் போகாமல், இரு தரப்பு வாதங்களையும் ஒரே இணையப் பக்கத்தில் அடுக்கி வைத்து, படிப்பவரே முடிவு செய்யட்டும் என்று விட்டார். புதிதாகப் பிறந்த ஒரு சென்னை நிறுவனத்தின் பெயர் அதனால் உலக மென்பொருள் வட்டாரத்துக்கு எட்டியது. டைகர் குளோபல், கூகுள் கேபிடல், செக்கோயா ஆகியவை அடுத்தடுத்து முதலிட்டன. 2017இல் நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியது. தலைமையகம் கலிஃபோர்னியாவின் சான் மடேயோவுக்குச் சென்றது.

2021 செப்டம்பர் 22 அன்று, நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 36 டாலர் என்ற விலையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் பட்டியலிடப்பட்டு, 100 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. சென்னையில் இயங்கிய சிஃபி என்ற நிறுவனம் 1999இலேயே அந்தச் சந்தைக்குச் சென்றிருந்தது. ஆனால் வாடகை முறையில் மென்பொருள் விற்று, இந்தியாவில் பிறந்து அங்கே சென்ற முதல் நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். பட்டியலிடுவதற்காகத் தாக்கல் செய்த அதிகாரபூர்வ ஆவணத்தில் கிரீஷ் நடிகர் ரஜினிகாந்துக்கு நன்றி தெரிவித்திருந்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் மகிழ்ந்து எழுதின. வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது, அந்நாளில் அவர் அறிவித்த வேறொரு செய்தி: ஊழியர்களில் 76 விழுக்காட்டினர் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்தனர், இந்தியாவில் 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆயினர், அவர்களில் ஏறத்தாழ 70 பேர் 30 வயதுக்கும் குறைந்தவர்கள்.

ஊழியர் பங்குரிமை என்பது என்ன? நிறுவனம் சிறிதாக இருக்கும்போது சந்தைக்கு நிகரான சம்பளம் தர இயலாது. அதற்கு ஈடாக, இத்தனை ஆண்டுகள் பணியாற்றினால் இத்தனை பங்குகள் உமக்கு என்று எழுதிக் கொடுக்கிறது. வழக்கமாக நான்கு ஆண்டுகளில், பகுதி பகுதியாக அந்த உரிமை ஊழியரின் கைக்கு வரும். நிறுவனம் வளர்ந்தால் அந்தக் காகிதம் வீடாகும், பிள்ளைகளின் படிப்பாகும். வீழ்ந்தால் வெறும் காகிதம்தான். இன்ஃபோசிஸ் 1994இல் இதைப் பரவலாக்கி, கடைநிலை ஊழியர் வரை செல்வத்தைக் கொண்டு சென்றது; ஃப்ரெஷ்வொர்க்ஸ் அந்த மரபைத் தமிழ்நாட்டுத் தயாரிப்புத் தொழிலுக்குக் கொண்டு வந்தது. நன்கொடை அளிப்பதைக் காட்டிலும் இது மேலானது. ஏனெனில், கொடுத்தவருக்குக் கடன்பட்டதாக அல்லாமல், உழைத்துப் பெற்ற உரிமையாக அந்தச் செல்வம் வந்து சேர்கிறது.

மறுபக்கத்தையும் பதிவு செய்யாவிட்டால் வரலாறு புகழுரையாகிவிடும். 2020இல், கிரீஷ் முன்பு பணியாற்றிய ஸோஹோ, தன் வணிக ரகசியங்களைக் கையாண்டதாக ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2021 நவம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. பங்கின் விலை 2022இல் வெளியீட்டு விலையின் பாதிக்கும் கீழே இறங்கியது. விற்காமல் வைத்திருந்த ஊழியர்களின் கணக்கும் அதனோடு இறங்கியது. கிரீஷ் 2024 மே மாதம் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை டென்னிஸ் உட்சைடிடம் ஒப்படைத்துச் செயல் தலைவரான பின், அதே ஆண்டு நவம்பரில் ஏறத்தாழ 660 பேர், அதாவது ஊழியர்களில் 13 விழுக்காட்டினர், நீக்கப்பட்டனர். அதனோடு 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கும் திட்டத்தையும் நிறுவனம் அறிவித்தது. கையில் பணம் வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்புவது சரியா என்று, பெயர் குறிப்பிடாமல், ஸ்ரீதர் வேம்பு கடுமையாக எழுதினார். துணிகர முதலீட்டையும் பங்குச் சந்தையையும் ஏற்ற நிறுவனம் காலாண்டுதோறும் சந்தைக்குக் கணக்குச் சொல்லக் கட்டுப்பட்டது. அவற்றை மறுத்த நிறுவனம் மெல்ல வளர்ந்து தன் விருப்பப்படி நடக்கலாம். இரு வழிகளுக்கும் சென்னை சான்று தருகிறது. ஊழியரைக் கோடீஸ்வரராக்கிய அதே ஏற்பாடுதான் அவரை வெளியேற்றவும் இடம் தந்தது என்பதை மறைக்க இயலாது.

நிறுவனராக அவர் பெற்ற வெற்றியைவிட, பிற நிறுவனர்களுக்கு அவர் செய்தது நீண்டு நிற்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. 2015இல் சென்னையில் சாஸ்எக்ஸ் என்ற பெயரில் கூடிய சிறு கூட்டம், பின்னர் சாஸ்பூமி என்ற அமைப்பாக வளர்ந்தது. கிஸ்ஃப்ளோ நிறுவனத்தின் சுரேஷ் சம்பந்தம், சார்ஜ்பீ நிறுவனத்தின் கிருஷ் சுப்பிரமணியன், தன்னார்வலர் அவினாஷ் ராகவா முதலியோருடன் கிரீஷும் அதை வளர்த்தவர்களுள் ஒருவர். அங்கே பேசப்படுவது கொள்கை அல்ல, தொழிலின் உள்கணக்கு. எடுத்துக்காட்டாக, 100 வாடிக்கையாளர் கொண்ட நிறுவனத்திலிருந்து மாதம் 3 விழுக்காட்டினர் விலகினால், அது சிறு எண்ணிக்கையாகவே தோன்றும். ஓராண்டு முடிவில் பார்த்தால் ஏறத்தாழ 30 பேர் போயிருப்பர், அவர்களுக்கு ஈடாகப் புதியவர்களைப் பிடிக்கும் செலவு லாபத்தைத் தின்றுவிடும். விலகல் விகிதம் எனப்படும் இந்தக் கணக்கைப் பட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிறுவனத்துக்குப் பணமும் ஆண்டுகளும் செலவாகும். பட்டவர் வாய்விட்டுச் சொன்னால் அடுத்தவருக்கு ஒரு பிற்பகல் போதும். போட்டியாளர்கள் என்று கருதப்பட வேண்டியவர்கள் ஒருவர் தோல்வியை மற்றவர் முன் திறந்து வைத்த அந்தப் பழக்கத்தால்தான், மென்பொருள் தயாரிப்புத் தொழிலில் சென்னைக்குத் தனி இடம் கிடைத்தது.

முதலீட்டாளர் என்ற பணியும் இதிலிருந்தே முளைத்தது. அரவிந்த் பார்த்திபன் சென்னையில் தொடங்கிய ஜார்கெட் நிறுவனத்தில் கிரீஷ் தனிமனிதராக முதலிட்டிருந்தார். 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அதை வாங்கியது. சில ஆண்டுகள் அங்கே பணியாற்றிய அரவிந்த், பின்னர் வெளியேறி சூப்பர்ஆப்ஸ் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு நிறுவனத்தில் கற்றவர் இன்னொன்றைத் தொடங்க, அதில் கற்றவர் மூன்றாவதைத் தொடங்கும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஸோஹோ. 2021இல் ஈகா நிறுவனர் மானவ் கர்க் முதலியோருடன் சேர்ந்து கிரீஷ் டுகெதர் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கினார். அதன் முதல் நிதி 8.5 கோடி டாலருக்கும், இரண்டாம் நிதி 15 கோடி டாலருக்கும் அறிவிக்கப்பட்டன. பணம் தருபவரும் தொழில் நடத்திப் பட்டவராக இருக்க வேண்டும் என்பதே அந்த நிதியின் அடிப்படை. 2025 டிசம்பர் 1ஆம் தேதி முதல் ஃப்ரெஷ்வொர்க்ஸின் செயல் தலைவர் பொறுப்பையும் விட்டு, அவர் முழுமையாக இந்தப் பணிக்கே வந்துவிட்டார்.

தொழிலுக்கும் முதலீட்டுக்கும் அப்பாலும் இரண்டு முயற்சிகள் உண்டு. மாமல்லபுரத்தை ஒட்டி எஃப்சி மெட்ராஸ் என்ற உறைவிடக் கால்பந்துப் பள்ளி, திறமையுள்ள சிறுவர்களுக்குக் கல்வியும் பயிற்சியும் கட்டணமின்றித் தருகிறது. வசதியற்ற குடும்பத்து இளைஞர்களை மென்பொருள் பணிக்குத் தயார்படுத்தும் இலவசப் பயிற்சிக் கூடத்தையும் ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2022இல் சென்னையில் தொடங்கியது. ஸோஹோ 2005இலேயே தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழியில் வந்தது இது. கல்லூரிப் பட்டம் இல்லாதவரையும் பொறியாளர் ஆக்கலாம் என்பதை அந்தப் பள்ளி முன்பே மெய்ப்பித்திருந்தது.

பங்குரிமையும், அனுபவப் பகிர்வும், முதலீடும் பெரும்பாலும் ஏற்கெனவே அந்தத் தொழிலுக்குள் நுழைந்தவர்களுக்கே பயன்பட்டன. வாசலுக்கு வெளியே நிற்பவரை உள்ளே அழைப்பது அந்த இலவசப் பயிற்சிக் கூடம் ஒன்றுதான். அளவில் மிகச் சிறியதாயினும், கோவண்டிக்கும் சீட்டா கேம்ப்புக்கும் தேவைப்படுவது இதுவே. அந்தப் பகுதியின் பைங்கன்வாடியிலும் சிவாஜி நகரிலும் சரிகை வேலைப் பட்டறைக்கும் பழம்பொருள் கிடங்குக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி காட்டக்கூடிய பொறியாளர்கள் அதே ரயில் தடத்தில் நவி மும்பை அலுவலகங்களுக்குப் போய் வருகிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் கட்டடமும் பெயரும் கொண்ட தமிழ் அமைப்புகள் உண்டு. மும்பையின் மென்பொருள் நிறுவனங்களில் பங்குரிமை பெற்று ஓய்வடைந்த தமிழர்களும் உண்டு. இவ்விரு தரப்பாரும் கூடி, உதவித்தொகையுடன் கூடிய ஓராண்டுப் பயிற்சிக் கூடம் ஒன்றைக் கோவண்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் தொடங்க முன்வர வேண்டும். முதல் வகுப்புக்கு 20 மாணவர்கள் இருந்தால் போதும்.

(தொடரும்)